வாதம் என்னும் சொல்லின் மூன்று பொருள்கள்: கோலார் தங்கவயலும் முடக்குவாத மருந்தும்

தமிழில் ‘வாதம்’ என்று எழுதிவிட்டால் அது எந்த வாதம் என்பதை இடம்தான் சொல்ல வேண்டும். உடலில் ஓடும் காற்று வாதம். அக்காற்று நிலைகெட்டு மூட்டுகளைப் பிடித்துக்கொள்வதும் வாதம். தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தை வாதம். அவையில் எதிரெதிர் நின்று வழக்குரைப்பதும் வாதம். வடமொழியில் காற்றைக் குறிக்கும் சொல்லில் வருவது ஒலிப்பிலாத் தகரம். பொன்வித்தையையும் வழக்குரையையும் குறிக்கும் சொல்லில் வருவது ஒலிப்புடைத் தகரம். தமிழ் நெடுங்கணக்கில் இரண்டுக்கும் ஓரெழுத்தே உண்டு. உயிர்களுக்கு இடைப்பட்ட தகரத்தைத் தமிழ் நா எப்போதும் மென்மையாகவே ஒலிக்கும். ஆகவே இரு வேறு சொற்கள் தமிழுக்குள் வந்ததும் எழுத்தாலும் ஒலியாலும் ஒன்றாகிவிட்டன.

சித்தர் நூல்கள் வாதம், வைத்தியம், யோகம், ஞானம் என்று வரிசைப்படுத்தும்போது முதலில் நிற்பது பொன் செய்யும் வித்தை. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்கள் எண்பது என்று வகுக்கும்போது அங்கே நிற்பது காற்று. ஒரே மரபு, ஒரே சொல், இரு பொருள். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்தது இருபதாம் நூற்றாண்டின் மருத்துவத்தில்தான். முடக்குவாதத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தரப்பட்ட முதன்மையான மருந்துகளுள் ஒன்று தங்கம்.

அம்மருந்தின் வரலாறு பெர்லின், மியூனிக், ஏ-லெ-பேன், கிளாஸ்கோ என்று ஐரோப்பிய நகரங்களின் வரிசையாகவே எழுதப்பட்டு வருகிறது. அதே காலத்தில் தங்கம் தோண்டப்பட்ட இடங்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. கோலார் தங்கவயலில் நின்று பார்க்கும்போது அதே வரலாறு வேறு முகம் காட்டுகிறது. எந்தப் பாறை தங்கத்தைத் தன்னுள் வைத்திருந்ததோ அதே பாறையின் தூசி, அத்தங்கம் எந்த நோய்க்கு மருந்தானதோ அந்நோயை வளர்க்கவும் வல்லது.

1. நோயின் பெயர்கள்

மூட்டுவலி என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் பொதுக்குறி. தமிழில் கீல்வாதம், முடக்குவாதம், சூலை, மூட்டுப்பிடிப்பு என்று வழங்கும் பெயர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு வகையில் கலந்து நிற்கின்றன. ‘கீல்’ என்பது பொருத்து. கதவுக்கும் கீல் உண்டு, முழங்காலுக்கும் கீல் உண்டு. ‘முடக்கு’ என்பது மடங்கிப்போதல். விரல் மடங்கி நிமிராமல் நிற்பதைக் கண்ணால் கண்டவர் வைத்த பெயர்.

ஐரோப்பியப் பெயர்களும் இவ்வாறு பிறந்தவையே. ‘ருமாட்டிசம்’ என்பதன் அடியிலுள்ள கிரேக்கச் சொல் ஒழுக்கைக் குறிக்கும். ‘கவுட்’ என்பதன் அடியிலுள்ள இலத்தீன் சொல் துளியைக் குறிக்கும். கெட்ட நீர் உடலில் ஓடித் துளித்துளியாக மூட்டில் இறங்குவதாக அவர்கள் எண்ணினர்; கெட்ட காற்று ஓடி மூட்டில் அடைவதாக நம்மவர் எண்ணினர். ஏதோ ஒன்று உள்ளே ஓடுகிறது, பொருத்தில் தங்குகிறது என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொது. வலி இடம் மாறும் இயல்பை இருசாராரும் சரியாகவே கவனித்திருந்தனர்.

இரண்டு நோய்களையும் வேதியியல் சான்றுடன் பிரிக்க வழிகாட்டியவர் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் பேரிங் கேரட். கவுட் நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை அவர் 1848இல் காட்டினார். கவுட்டிலிருந்து வேறான நோய்க்கு ‘ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்’ என்னும் பெயரை 1859இல் முன்வைத்தவரும் அவரே. தமிழ் மருத்துவ எழுத்து இன்று பெரும்பாலும் முடக்குவாதம் என்று குறிப்பது இதைத்தான்.

இப்பிரிவு பெயரளவினதன்று. கவுட், யூரிக் அமிலம் ஊசி போன்ற படிகங்களாகி மூட்டில் படிவதால் வருவது. பெரும்பாலும் கால் பெருவிரலில், நள்ளிரவில், திடீரெனத் தாக்கும். முடக்குவாதமோ உடலின் தற்காப்பு ஆற்றல் மூட்டின் உட்சவ்வைப் பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது. இரு கைகளின் சிறு மூட்டுகளிலும் ஒப்பத் தொடங்கும். காலையில் விறைப்பு நெடுநேரம் நீடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பை அரிக்கும். நோய் வேறானதால் மருந்தும் வேறாயிற்று.

2. வேலியில் இருந்த மருந்து

கவுட்டின் மருந்து தமிழருக்கு அயலானதன்று. கருங்கடலின் கிழக்குக் கரையில் இருந்த கொல்கிஸ் நாட்டின் பெயரைத் தாங்கிய கோல்ச்சிகம் என்னும் செடியின் கிழங்கு வகையை மூட்டுவலிக்குத் தரலாம் என்று ஆறாம் நூற்றாண்டிலேயே டிராலஸ் நகரத்து அலெக்சாண்டர் என்னும் கிரேக்க மருத்துவர் எழுதினார். 1820இல் பாரிஸில் பெல்த்தியே, கவாந்து இருவரும் அச்செடியின் காரப்பொருளைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அது கோல்ச்சிசின் எனப்பட்டது.

அதே கோல்ச்சிசின் செங்காந்தளிலும் இருக்கிறது. குறிஞ்சி நிலத்துப் பூவாகச் சங்கப் பாடல்களில் காணும் காந்தள், இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கு கலப்பை வடிவில் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. வடமொழியிலும் கலப்பையின் பெயரால் அது இலாங்கலி. கொங்கு வட்டாரத்து உழவர் அதைக் கண்வலிக்கிழங்கு என்பர். திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் கம்பிப் பந்தலில் படரவிட்டு விதைக்காகச் சாகுபடி செய்கின்றனர். விதை மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது.

ஆனால் இதை வீட்டு வைத்தியமாகக் கொள்ள இயலாது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. கிழங்கை உண்டு இறந்தவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் பலர். மாத்திரையாக அளந்து, சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத் தரும்போது மட்டுமே அது மருந்து. கவுட்டின் மருந்து தமிழ்நிலத்தின் வேலியில் பூத்தது என்றால், முடக்குவாதத்தின் மருந்து நிலத்தின் அடியிலிருந்து, பெரும்பாலும் தமிழர் கைகளால் வெட்டப்பட்ட ஒரு பொருளோடு தொடர்புடையது.

3. பொன் ஊசி

பொன்னை மருந்தாக்கும் முயற்சி பழையது. சித்த மருத்துவத்தில் தங்க பற்பம் உண்டு. தகடாகத் தட்டிய பொன்னை மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடமிட்டு நீறாக்குவர். அந்நீற்றில் பெரும்பகுதி நுண்துகளான உலோகத் தங்கமே என்று இன்றைய பகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஐரோப்பிய மருத்துவம் எடுத்துக்கொண்டது வேறு வழி. அது பொன்னை நீரில் கரையும் உப்பாக்கியது.

அவ்வழியின் தொடக்கம் மூட்டுவலி அன்று, காசநோய். 1890இல் பெர்லினில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் ராபர்ட் காக், தங்க சயனைடுச் சேர்மங்கள் மிகச் சிறிய அளவிலேயே காசநோய்க் கிருமியின் வளர்ச்சியை ஆய்வுக்குழாயில் தடுக்கின்றன என்று அறிவித்தார். உயிருள்ள உடலில் அது பலிக்கவில்லை. எனினும் பொன்னின் மீதான நம்பிக்கை போகவில்லை. 1920களில் டென்மார்க்கின் மோல்கார்ட் வேறொரு தங்க உப்பைக் காசநோய்க்குப் பரப்பினார்.

மியூனிக்கில் கார்ல் லாண்டே 1927இல் பல்வேறு தொற்றுகளுக்குத் தங்க உப்பை ஊசியாகச் செலுத்தியபோது மூட்டுவலி குறைவதைக் கவனித்தார். பிரான்சின் ஏ-லெ-பேன் என்னும் வெந்நீரூற்று நகரில் மூட்டுநோயாளரைப் பார்த்துவந்த ழாக் ஃபொரெஸ்தியே, முடக்குவாதம் காசநோயோடு உறவுடையது என்ற எண்ணத்தில் 1929இல் தங்க உப்பை அந்நோய்க்குக் கொடுத்தார். எண்ணம் தவறு, பயன் உண்மை. மருத்துவ வரலாற்றில் இவ்வாறு தவறான காரணத்தால் சரியான மருந்தை அடைந்த நிகழ்வுகள் பல.

ஐயம் நீக்கியது சோதனை. 1945இல் கிளாஸ்கோவின் தாமஸ் ஃபிரேசர், எந்த நோயாளிக்குத் தங்கம், எவருக்கு வெற்று ஊசி என்பது நோயாளிக்கும் மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாத வகையில் ஒப்பிட்டுத் தங்கத்தின் பயனைக் காட்டினார். பிரிட்டனின் எம்பயர் ருமாட்டிசம் கவுன்சில் 1960இல் வெளியிட்ட பெரிய சோதனையின் முடிவும் அதையே உறுதிப்படுத்தியது.

மருந்து எளிதானதன்று. சோடியம் ஆரோதயோமாலேட் என்னும் உப்பை வாரம் ஒருமுறை ஐம்பது மில்லிகிராம் தசையில் ஏற்றுவர். மொத்தம் ஏறத்தாழ ஒரு கிராம் சேரும்வரை காத்திருப்பர். பயன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒவ்வொரு ஊசிக்கும் முன் குருதியும் சிறுநீரும் பார்க்கப்படும். தோலில் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம், குருதியணுக் குறைவு ஆகியவை வரக்கூடும். நெடுநாள் எடுத்தவரின் தோல் வெயில் பட்ட இடத்தில் நீலச்சாம்பல் நிறமாவதும் உண்டு. கவுட்டுக்கு இது மருந்தே அன்று. முடக்குவாதம் உடையவர்களிலும் எல்லோருக்கும் பலித்ததில்லை. பலித்தவர்களுக்கோ மடங்கிய விரல் நிமிர்ந்தது. அந்நாளில் அது பெரிய செய்தி.

4. வயல் என்னும் பெயர்

இக்காலம் முழுவதும் கோலாரில் தங்கம் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் எல்லையை அளந்த லெப்டினன்ட் ஜான் வாரன், ஊரிகம், மாரிக்குப்பம் பகுதிகளில் ஊரார் மண்ணை அலசிப் பொன் எடுப்பதை 1802இல் பதிவு செய்தார். 1870களில் மைக்கேல் லவேல் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் லண்டன் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகே ஆழ்சுரங்கத் தொழில் வேரூன்றியது. 1902இல் சிவசமுத்திரம் அருவியின் மின்சாரம் இங்கே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன்.

‘கோல்ட் ஃபீல்டு’ என்னும் ஆங்கிலத் தொடரை அங்கே குடியேறிய தமிழர் ‘தங்கவயல்’ என்று பெயர்த்துக்கொண்டனர். வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் வயல்களில் பிறர் நிலத்தில் உழைத்து, பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் வெளியேறியவர்கள் அவர்களுள் பெரும்பாலோர். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. வயலை விட்டு வந்தவர்கள் புதிய இடத்துக்கும் வயல் என்றே பெயரிட்டனர். அங்கும் விளைந்தது அவர்களுக்குரியதாக இல்லை.

சுரங்கத்திலிருந்து வந்த பாறை ஆலையில் இடிக்கப்பட்டது. பொடியிலிருந்த தங்கத்தைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் பற்றிக்கொண்டன. ‘ரசம்’ என்பது பாதரசம். ரசத்திலிருந்து பொன் எடுக்கும் ரசவாதம் சித்தர் ஏடுகளில் எப்படியிருந்தாலும், கோலார் ஆலையில் ரசம் பொன்னை ஏந்தியது கண்கூடு. அதற்கும் தப்பிய நுண்தங்கத்தைச் சயனைடுக் கரைசல் கரைத்தெடுத்தது. இம்முறைக்கு 1887இல் காப்புரிமை பெற்றவர்கள் கிளாஸ்கோவின் மாக்ஆர்தரும் ஃபாரஸ்ட் உடன்பிறந்தார் இருவரும். தங்க ஊசியின் சோதனை நடந்த அதே நகரம்.

சயனைடுத் தொட்டியில் தங்கம் எந்தச் சேர்மமாகக் கரைகிறதோ அது ஓர் அணு தங்கத்தோடு இரு சயனைடுக் குழுக்கள் சேர்ந்தது. காக் 1890இல் சோதித்த பொருள்களும் இவ்வினத்தவையே. தங்க ஊசி பெற்றவர்களின் உடலிலும் இதே சேர்மம் உண்டாவதைப் பின்னாளைய ஆய்வுகள் கண்டன. அழற்சி உள்ள இடத்தில் வெள்ளணுக்கள் தம்மிடமுள்ள பொருளிலிருந்து சிறிது சயனைடை உருவாக்குகின்றன. அது தங்கத்தோடு சேர்ந்து உயிரணுவுக்குள் நுழைகிறது. அழற்சியைத் தணிப்பதில் அதற்கும் பங்குண்டு. புகைபிடிப்போரின் குருதிச் சிவப்பணுக்களில் தங்கம் மிகுதியாகக் காணப்பட்டதற்கும் புகையிலுள்ள சயனைடே காரணம். ஆக, கோலார் ஆலையின் பெருந்தொட்டியில் நிகழ்ந்த வேதிவினையின் சிற்றுரு, நோயாளியின் மூட்டுக்குள்ளும் நிகழ்ந்தது.

மருந்தூசியில் இருந்தது கோலார்த் தங்கமா என்று கேட்பது பயனற்றது. உருக்கிய பொன்னுக்கு ஊர் கிடையாது. லண்டனை அடைந்த கட்டிகள் எல்லாச் சுரங்கங்களின் பொன்னோடும் கலந்துபோயின. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு நோயாளிக்குத் தேவைப்படும் தங்கத்துக்கு எவ்வளவு பாறையை இடிக்க வேண்டும்? ஒரு கிராம் மருந்துப்பில் ஏறத்தாழ அரைக் கிராம் தங்கம். ஒரு டன் பாறையில் பத்துக் கிராம் தங்கம் இருப்பதாகக் கொண்டால், அரைக் கிராமுக்கு ஐம்பது கிலோ பாறை. அந்த ஐம்பது கிலோவையும் ஒருவர் துளையிட்டு, வெடித்து, வாரி, மேலே அனுப்ப வேண்டும். அப்போது எழும் தூசியை அவர் மூச்சிழுக்க வேண்டும்.

5. படிகத்தின் வேலை

கோலாரின் தங்கம் குவார்ட்ஸ் என்னும் வெண்படிகப் பாறையின் நரம்புகளுக்குள் இருந்தது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. உலர்ந்த பாறையில் துளையிடும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள் நுரையீரலின் அடிவரை செல்கின்றன. அங்குள்ள காவலணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. செரிக்க இயலாமல் தாமே சிதைகின்றன. சிதைந்த இடம் தழும்பாகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் விரிவாக ஆராயப்பட்ட இடம் கோலார்த் தங்கச் சுரங்கமே. 1940களின் ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் மிகப் பெரிய பங்கினருக்கு அந்நோய் இருப்பதைக் காட்டிற்று.

அவ்வாய்வோடு இணைந்து நிற்கும் பெயர் கேப்ளான். 1953இல் அதே பெயர் வேல்ஸின் கார்டிஃப் நகரில் மீண்டும் தோன்றுகிறது. நிலக்கரித் தொழிலாளரின் நுரையீரல் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்த ஆண்டனி கேப்ளான், சிலருடைய படத்தில் உருண்டையான முடிச்சுகள் விரைவாகத் தோன்றுவதைக் கண்டார். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது முடக்குவாதம். தூசி நுரையீரலில், வலி மூட்டில், இரண்டும் ஒரே உடலில் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அந்நிலை இன்று கேப்ளான் நோய்த்தொகுதி எனப்படுகிறது. பின்னர் அது சிலிக்காத் தூசியில் உழைத்தவர்களிடமும் காணப்பட்டது.

தூசி நுரையீரலோடு நிற்பதில்லை என்பது அதன்பின் பல நாடுகளில் உறுதியாயிற்று. 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே சிலிக்கோசிஸுக்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள உறவைக் காட்டியது. பின்லாந்தின் கருங்கல் தொழிலாளரிடமும் சுவீடனில் பாறை உடைப்போரிடமும் முடக்குவாதம் மற்றவர்களைவிட மிகுதி. தூசியை இழுத்த எல்லோருக்கும் மூட்டு நோய் வருவதில்லை. வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் கூடுகிறது.

இங்கே கவுட்டும் மீண்டும் வருகிறது. யூரிக் அமிலப் படிகத்தைக் காவலணு விழுங்கும்போது அணுவுக்குள் எழும் அபாயமணி எது என்பது 2006இல் கண்டறியப்பட்டது. சிலிக்காப் படிகமும் அதே மணியையே அடிக்கிறது என்பது 2008இல் தெரிந்தது. உடலே உண்டாக்கிய படிகம் ஒன்று. வேலை உடலுக்குள் செலுத்திய படிகம் மற்றொன்று. செரிக்க முடியாத கூர்மையான ஒன்று உள்ளே புகுந்துவிட்டது என்பதே இரண்டிலும் உடல் எழுப்பும் குரல். எண்பது வகை வாதங்களை ஒரு காற்றுக்குள் அடக்கிய பழைய மருத்துவர் இந்த ஒற்றுமையை அறிந்திருக்க வழியில்லை. ஆனால் வேறுவேறு வலிகளுக்கு அடியில் பொதுவான ஓர் இயக்கம் உண்டு என்று தேடிய அவர்களது போக்கு பொருளற்றதன்று.

ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது பாகையைத் தாண்டியது. வியர்வையில் ஊறி, முதுகு வளைந்து, அதிரும் துளைக்கருவியைத் தோளில் தாங்கி உழைத்த உடலில் எழும் மூட்டுவலிக்கு ஈரம், குளிர், முதுமை, பாரம் என்று எத்தனையோ காரணங்கள் சொல்லலாம். தூசியைக் காரணமாக நினைக்கத் தோன்றாது. ஏனெனில் தூசி போவது மூக்கின் வழியாக, வலி இருப்பது விரலில்.

6. பண்டிதரும் முடக்குவாதமும்

தங்கவயலின் அறிவு வரலாற்றில் ஒரு மருத்துவருக்கு நடுநாயகமான இடம் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) இன்று பௌத்த மீட்சியாளராகவும் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளராகவும் அறியப்படுகிறார். அவர் வாழ்க்கைத் தொழில் சித்த மருத்துவம். 1907 ஜூன் 19இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயல் தொழிலாளரிடையே உறுதியான வாசகர் வட்டம் இருந்தது. அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் செயல்பட்டது. அவர் மறைந்த பிறகு 1920களில் ‘தமிழன்’ சாம்பியன் ரீஃபிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வந்தது. பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கிய சித்தார்த்தா புத்தகசாலையும் அங்கேயே இருந்தது.

அவருடைய மருத்துவத்துக்குச் சான்று தமிழுரைநடையின் மற்றொரு பெரியவரிடமிருந்து கிடைக்கிறது. இளமையில் கைகால் முடங்கி இடருற்ற தமக்கு மருந்தளித்துக் குணப்படுத்தியவர் அயோத்திதாசர் என்பதைத் திரு.வி.க. தம் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ நூலில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். அந்த முடக்கம் இன்றைய பகுப்பில் எந்த நோய் என்று வரையறுப்பது வரலாற்றாசிரியர் வேலையன்று. முடங்கிய உடலை நிமிர்த்துவதும் முடக்கப்பட்ட மக்களை நிமிர்த்துவதும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் நிகழ்ந்த பணிகள் என்பதே கருதத் தக்கது. சொற்களைப் பிரித்து, அவற்றின் பழம்பொருளைத் தேடி, அதன் வழியே வரலாற்றை மீட்டவர் அவர். தங்கவயல் தொழிலாளர்கள் அவரிடமிருந்து பெற்றது மருந்தைவிட அந்தப் பழக்கத்தையே: தமக்கு நேர்ந்ததற்குச் சரியான பெயரிடும் பழக்கத்தை.

7. மூன்றாவது வாதம்

சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் நடுவண் அரசின் கைக்கும் மாறியது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆயிற்று. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. தங்க ஊசியின் காலமும் ஏறத்தாழ அதனோடு முடிந்தது. 1980களின் நடுவில் மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு நிலைபெற்றது. மலிவானது, எளிதானது, பலன் உறுதியானது. 1985இல் வாய்வழித் தங்க மருந்தாக வந்த ஆரனோஃபின் அதற்கு ஈடாகவில்லை. 2019இல் ஆரோதயோமாலேட் ஊசியின் உற்பத்தியும் நின்றது. இன்று முடக்குவாதம் வந்தால் தங்கத்தைத் தேட வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே மூட்டுநோய் மருத்துவரை அடைந்தால் விரல் மடங்காமலே காக்கலாம்.

எஞ்சியிருப்பவை மண்மேடுகள். ஆலையின் கழிவு பதின்மூன்று மேடுகளாகத் தங்கவயலைச் சூழ்ந்து நிற்கிறது. மழையில் கரைந்து வழிவதும் கோடைக் காற்றில் வெண்தூசியாகப் பறப்பதும் அதன் இயல்பு. அத்தூசியிலும் சிலிக்கா இருக்கிறது. மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுப்பது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகிறது. தங்கத்தின் மதிப்பீடு நடக்கும்போது தூசியின் மதிப்பீடும் உடன் நடக்க வேண்டும்.

எஞ்சியிருக்கும் மற்றொன்று ஒரு பட்டியல். 2025 வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொழிலால் வரும் நோய்களை வரிசைப்படுத்தியது. சிலிக்கோசிஸ் அதில் இடம்பெற்றிருந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின்கீழும் அது அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. முடக்குவாதத்துக்கு அவ்விரண்டிலும் இடமிருக்கவில்லை. நுரையீரல் கெட்டதைச் சுரங்கத்தின் கணக்கில் எழுதலாம். விரல் மடங்கியதை விதியின் கணக்கில்தான் எழுத வேண்டும். அறிவியல் இவ்விரண்டையும் ஒரே தூசியோடு இணைத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சட்டத்தின் சொற்பட்டியல் இன்னும் இணைக்கவில்லை.

வாதம் என்னும் சொல்லின் மூன்றாவது பொருள் இங்கேதான் வேலைக்கு வருகிறது. முதல் வாதம் தொழிலாளரின் மூட்டில் இருந்தது. இரண்டாவது வாதம், பொன்னெடுக்கும் வித்தை, ஆலையிலும் பின்னர் ஊசியிலும் பலித்தது. மூன்றாவது வாதம், தமக்கு நேர்ந்ததை ஓர் அவையின் முன் வைத்துக் காரணம் காட்டும் வாதம், இந்தியச் சுரங்கத் தொழிலாளர் பொருட்டு இன்னும் முழுமையாக வைக்கப்படவில்லை. கல்குவாரிகளிலும் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளிலும் அதே தூசியை இன்றும் பல்லாயிரவர் மூச்சிழுக்கின்றனர். அவர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் மார்பைப் படமெடுப்பதோடு நில்லாமல் கைகளை நீட்டச் சொல்லியும் பார்த்தால், அவ்வாதத்துக்கு வேண்டிய முதல் சான்று கிடைக்கும்.